நாச்சிமுத்து மாமா கேட்காத கேள்வி

சிரிப்பு இருக்கிறது, பயப்படாதீர்கள். ஆனால் கடைசியில்தான் இருக்கிறது. இப்போதே கொடுத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் போயிருப்பேன், அதனால் அதை என் மடியில் கட்டி வைத்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் பயம் வரும், ஒரு மனுசன் சாகப் பார்ப்பார், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சிரிப்பு உங்களுக்கு.

எங்கள் ஊர் கரட்டுவலசு. மூலனூரில் இறங்கிப் புழுதிக்கு நடுவே வந்தால், கம்பிப் பந்தலில் தீப்பிடித்த மாதிரி ஒரு தோட்டம் தெரியும், அதற்கப்புறம் இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று. தீயில்லை, கண்வலிக்கிழங்குப் பூ. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குச் செங்காந்தள் என்று பேர், மாநில மலர் என்று ஒரு மார்க் கேள்வி. எங்களுக்கு அது வெள்ளாமை. விதையை வியாபாரி மூட்டை மூட்டையாக வாங்கிக் கப்பலேற்றுவார், அங்கே அதிலிருந்து ஒரு மருந்தை உருவி மாத்திரை செய்வார்கள் என்பது எங்கள் ஊரில் நடக்கிற குழந்தைக்கும் தெரியும். கிழங்கையோ விதையையோ வாயில் வைத்தால் ஆள் காலி என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்த ஊர்தான், ஆனாலும் பாருங்கள் என்ன கூத்து நடந்ததென்று.

அந்தப் பூ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இதழ்களை மட்டும் மேலே தூக்கி நிற்கும், வம்பு பிடித்த பூ, தானாகக் காய் பிடிப்பது குறைவு. விடிந்ததும் நாங்கள் பூப்பூவாகப் போய், ஒன்றின் மஞ்சள் தூளை விரலில் எடுத்து இன்னொன்றின் நீட்டிய முனையில் வைக்க வேண்டும். தூள் வைப்பது என்போம். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், நாச்சிமுத்து மாமாவின் தோட்டத்தில் ராசாமணியக்கா தூள் வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் மூக்குக்கு நேரே இருந்த கொடி, மாமாவின் சம்சாரம் தங்காயி அத்தையின் குரலில் பேசியது.

"ராசாமணி, உனக்கு ரத்தம் கம்மி. அதுக்கு நான் ஆவமாட்டேன்."

"ஏனுங்க்கா, காத்தால காத்தால என்ற ரத்தத்தப் பத்தி உங்களுக்கென்னுங்?" என்றாள் ராசாமணியக்கா, திரும்பிப் பார்க்காமலே.

அத்தையோ அக்கட்டக் கோடியில், மோட்டார் ரூமில் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் ஊரின் எல்லாத் தோட்டமும் பேச ஆரம்பித்துவிட்டது. யாருடைய விரல் தூள் வைத்ததோ அவருடைய குரலில் அந்தக் கொடி பேசியது. எதிரே நிற்கிறவரின் உடம்பில் என்ன கோளாறு, அதற்குத் தான் மருந்தாக ஆகுமா ஆகாதா, இதை மட்டும் சொன்னது, மழை வருமா, விலை ஏறுமா என்றால் வாயைத் திறக்கவில்லை. ஏன் பேசியது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் யாரும் கேட்கவில்லை. பேசுகிற செடியை வைத்துக்கொண்டு வேலையை எப்படி முடிப்பது என்பதுதான் எல்லோருக்கும் கவலை, ஏனென்றால் பூ நிற்காது, வாடிவிடும், தூள் வைத்தாக வேண்டும்.

முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார்கள். பஞ்சைத் தாண்டிக் குரல் வந்தது, ஏனென்றால் அவரவர் வரிசையில் அது அவரவர் சொந்தக் குரல், சொந்தக் குரலுக்குப் பஞ்சு எந்த மூலைக்கு? மருமகளோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன மாமியார்கள், மருமகள் தூள் வைத்த வரிசையில் நடக்கும்போது, அவள் குரல் "உங்களுக்கு முழங்கால்ல நீரு" என்று அக்கறையாகச் சொல்வதைக் கேட்டு, எந்தப் பக்கம் முறைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த பிகாஷ் தூள் வைத்த கொடிகள் ஒடியாவில் பேசின, அதனால் நோயை அறிய ஊரே பிகாஷின் பின்னால் அலைந்தது, அவனும் எல்லாருக்கும் வாயுத் தொந்தரவுதான் என்று "கேஸ், கேஸ்" என்றே மொழிபெயர்த்தான். மினி பஸ் டிரைவர் வண்டியை வேலியோரம் ஓரங்கட்டி, பயணிகளை இறக்கி, ஆளுக்கொரு கொடியிடம் நிற்கவைத்து, ஹாரன் அடித்துத் திரும்ப ஏற்றினார். கோயில் பூசாரி ஒரு கொடிக்கு மஞ்சள் துணி கட்டி அம்மனாக்கிப் பொங்கல் வைத்தார், கொடி அவரிடம் "உனக்குச் சக்கரை ஏறிக் கெடக்குது, நான் அதுக்கு ஆவமாட்டேன்" என்றது, அதைக் கேட்ட கூட்டம் பொங்கலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் பலகை வைத்தார்: செடியிடம் பேசுவோர் செருப்பைக் கழற்றவும். எங்கள் கெமிஸ்ட்ரி சார் செல்போனில் பதிவு செய்து பார்த்தார், காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது, அதை வகுப்பில் போட்டு "கவனமாக் கேளுங்க, கவனமாக் கேளுங்க" என்று ஒரு பீரியடை ஓட்டினார்.

ஒரு வாரத்தில் ஊரில் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் நடந்துகொண்டே இருந்தார்கள், ஒரு தோட்டத்தில் ஆகாது என்றால் அடுத்த தோட்டம், அங்கேயும் ஆகாது என்றால் அதற்கடுத்தது, என்னமோ அடுத்த வேலிக்கு அந்தப்பக்கம் தங்கள் உடம்பே வேறாக மாறிவிடும் என்பது போல. சோறு உண்ணும்போதும் ஒரு காலை வாசலில் வைத்திருந்தார்கள். காற்றடித்தால் தோட்டம் முழுக்க ஊர்க்காரர்கள் குரலில் முனகியது, யார் வீட்டில் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் ஆளாளுக்கு "வர்றேன், வர்றேன்" என்று கத்தினார்கள்.

எனக்கு மட்டும் கொண்டாட்டம். என் பேர் ரூபிணி, பதினொன்றாம் வகுப்பு, எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், என் தொண்டைக்குள் அது குடிவந்துவிடும். தலைவர் மாதிரி இருமுவேன், பூசாரி மாதிரி மணியடிக்காமலே மணியடிப்பேன், தங்காயி அத்தை போனில் பேசுவது மாதிரிப் பேசி அவளுடைய அண்ணனிடமே நலம் விசாரித்திருக்கிறேன். தூள் வைக்கும்போதும் வாய் சும்மா இருக்காதா, நான் தூள் வைத்த கொடிகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டன. ஒரே கொடி, பாதி வாக்கியத்தைத் தலைவர் குரலிலும் மீதியைப் பூசாரி குரலிலும் சொல்லி, முடிவில் பஸ் கண்டக்டர் மாதிரி "போலாம் ரைட்" என்றது. அதன் பக்கம் ஒருவரும் வருவதில்லை.

"உன்ற செடி பத்து வாயில பத்துப் புளுகு சொல்லும், அக்கட்டப் போ கழுதே" என்பார் நாச்சிமுத்து மாமா.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி, எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். ஆட்டு ஈரல் என்றால் உயிர். அந்த ஈரலோ, எந்த ஈரலோ, அவர் வலது கால் பெருவிரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. விரல் கத்தரிக்காய் மாதிரி ஊதிப் பளபளத்தது. போர்வை நுனி பட்டால்கூட "ஐயோ" என்பார். யூரிக் ஆசிட் ஏறியிருக்கும், தாராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்று அத்தை தலையால் அடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி தாராபுரம்? அங்க குடுக்கற மாத்தர எதுல செய்யறான்? நம்ம விதைல. நம்ம தோட்டத்து விதைய நம்மகிட்ட வாங்கி, சீமைக்குக் கொண்டுபோயி, சுண்ணாம்புத் துண்டாட்டப் பண்ணி, நமக்கே குடுக்கறான். வெளைய வெச்சவன் நான், வாங்கித் திங்கோணுமா? மாட்ட ஊட்ல கட்டி வெச்சுட்டுப் பாக்கெட்டுப் பாலு வாங்கறவன் இருக்கானா?"

வெளியூர்க்காரர்கள் அந்த விதையைக் கண்டாலே ஒதுங்குவார்கள், எங்கள் ஊர்க்காரருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

இதில் செடியும் சேர்ந்துகொண்டது. மாமா தானே தூள் வைத்த கிழக்கு வரிசையில் போய் நின்றார். கொடி அவர் குரலிலேயே, அதே கரகரப்பில் சொன்னது:

"நாச்சிமுத்து, உன்ற கால் நோவுக்கு நான்தான் மருந்து. தின்னா நோவு போயிரும்."

மாமா முகம் கோயில் தீக்குண்டம் மாதிரி ஜொலித்தது. அத்தையின் பக்கம் திரும்பிய வேகத்தில் ஊதிய விரலையே மறந்துவிட்டார். "கேட்டியா? என்ற செடி, என்ற கொரல்ல, என்ற காலப் பத்திச் சொல்லுது. இதுக்கு மேல எவன் சொல்லோணும்?"

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் டீக்கடை சென்னியப்பன் அப்படி ஒரு கொடியின் பேச்சைக் கேட்டுக் கொஞ்சூண்டு விதையை வெல்லத்தில் பொதித்து விழுங்கியிருந்தார். ஆம்புலன்சில் போனார். உயிர் பிழைத்துத் திரும்பியபோது தலையில் ஒரு முடி இல்லை, புருவம்கூட இல்லை, டீ ஆற்றும்போது ஆவியில் முகம் முட்டை மாதிரி மின்னியது. செடி பொய் சொல்லிவிட்டதா என்று ஊர் கூடிப் பேசியது. பேசிப் பேசி, சென்னியப்பன் செருப்புக் காலோடு போய் நின்றதுதான் காரணம் என்று முடிவு செய்து, பலகை எழுத்தை இன்னும் பெரிதாக எழுதிவிட்டுக் கலைந்தது.

மாமா செருப்பைக் கழற்றியே நாளாகியிருந்தது, அந்த விரலோடு எங்கே செருப்பைப் போட? அதனால் அவருக்குப் பயமே இல்லை. விலை ஏறட்டும் என்று கட்டி வைத்திருந்த போன வருசத்து மூட்டையைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு, கொடி முன்னால் நின்று, ஒரு பிடி விழுங்குவதாக அறிவித்தார்.

எனக்கு அந்த வாரம்தான் ஒன்று தெரிந்திருந்தது. நான் ஒன்றும் ஆராய்ச்சி பண்ணவில்லை, பொழுது போகாமல் என் வம்புக்கொடி முன்னால் நின்று அத்தை போன் பேசுவது மாதிரி பண்ணிக்கொண்டிருந்தேன். அத்தைக்குப் போனை வைக்க மனசு வராது, பேச்சு தீர்ந்துவிட்டாலும் "ம்ம்... அப்பறம்?" என்பாள், எதிர்முனை எதையாவது சொல்லும், மறுபடி "ம்ம்... அப்பறம்?" என்பாள். கொடி என்னிடம், "உன்ற ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல, மூட்டு கீட்டு வீங்குனா அதுக்கு நான் ஆவேன்" என்றது.

"ம்ம்... அப்பறம்?" என்றேன், அத்தை குரலில், சும்மா.

"அப்பறம் வயித்தால போகும்" என்றது கொடி, தலைவர் குரலில்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பறம்?"

"வாந்தி. நிக்காது."

"அப்பறம்?"

"ரெண்டு நாள் கழிச்சு மூச்சு முட்டும். ரத்தம் கெடும். எனக்கு மாத்து மருந்து கெடையாது."

"அப்பறம்?"

"உசுரு போகும். உசுரு தங்குச்சுன்னா மசுரு போகும். போலாம் ரைட்."

செடி ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. சென்னியப்பனிடமும் பொய் சொல்லியிருக்கவில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்டதும் ஊரே குதித்துக்கொண்டு கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு தின்றால் மருந்து, எவ்வளவு தின்றால் சாவு என்று கேட்டேன், அது மட்டும் கொடிக்குத் தெரியவில்லை. "அளவா? அப்பிடின்னா?" என்றது. வேர் முதல் நுனி வரை தன்னைத் தவிர வேறொன்றும் அறியாதது, அதற்கு ஏது படியும் தராசும்?

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அத்தையிடம் சொன்னேன். தலைவரிடமும் சொன்னேன். "எந்தக் கொடி சொல்லுச்சு?" என்று கேட்டார்கள். என் கொடி என்றேன். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு, நான் சொல்லிச் சிரிக்கவைத்ததிலேயே எனக்குப் பிடிக்காத சிரிப்பு அதுதான்.

"மாமா, உங்க கொடிகிட்டயே கேளுங்க. அப்பறம்னு ஒரு வார்த்த. ஒரே வார்த்த மாமா."

"செடிகிட்டக் குறுக்குக் கேள்வி கேக்கறதுக்கு நான் என்ன வக்கீலா? அது மனசுல நெனச்சதச் சொல்லியிருக்குது. மேக்கொண்டு நோண்டுனாக் கோவிச்சுக்கும்."

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையைத் தூக்கிப் பரண் மேல் போட்டு ஏணியை ஒளித்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு வேண்டியது ஏற்கெனவே மாமா வேட்டிக்குள்ளே போடுகிற டவுசரின் பாக்கெட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் நான் கிழக்கு வரிசைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். ஈர இலை கன்னத்தில் ஒட்டியது, இலை நுனிச் சுருள் என் காதைச் சுற்றிப் பிடித்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டி, ஒற்றைக்காலில் நொண்டி நொண்டி வந்தார். பின்னாலேயே அத்தை, "வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க, வேண்டாங்க" என்று அழுதுகொண்டே வந்தாள். மாமா கையைப் பாக்கெட்டில் விட்டு எடுத்துத் திறந்தார். பழுப்பு விதைகள், உள்ளங்கை நிறைய.

"திங்கட்டுமா?" என்றார்.

"தின்னு" என்றது கொடி.

"நோவு போகுமா?"

"போகும்."

கை மேலே வந்தது. அத்தை அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள், மாமா அவளையும் சேர்த்துத் தூக்கினார். எத்தனை குரல் வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை, தலைவரும் ஓடிவிட்டார், பூசாரியும் ஓடிவிட்டார், கைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இருந்தபோது, கரகரப்பாக, கொஞ்சம் சளியோடு, நாச்சிமுத்து மாமா என் தொண்டைக்குள் வந்தார்.

"அப்பறம்?"

கை நின்றது. மாமா முழித்தார். தான் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனால் கேட்ட குரல் தன்னுடையது என்றும் தெரியும்.

"அப்பறம் வயித்தால போகும்" என்றது கொடி, அதே குரலில்.

"அப்பறம்?"

"வாந்தி. ரெண்டு நாள் கழிச்சு மூச்சு முட்டும்."

"அப்பறம்?"

"நீ போவே."

அத்தை தொங்குவதை நிறுத்தினாள். மாமாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, விதைகள் வரப்பில் கொட்டின, ஒன்று உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் வேட்டியில் அழுந்தத் துடைத்தார்.

"இத முன்னாலயே சொல்றதுக்கு உனக்கு என்ன நோக்காடு?" என்று கொடியிடம் கத்தினார்.

"நீ கேக்கலியே" என்றது கொடி.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். அத்தையைப் பார்த்தார். "இப்பக் கேட்டனா இல்லியா? பாத்தியா, எப்பிடிக் கேட்டேன்? நறுக்குனு!"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலைகளுக்குள்ளே என் பாவாடை நுனி தெரிந்த இடத்தை ஒரு கணம் பார்த்தாள். "கேட்டீங்க, கேட்டீங்க. தாராபுரத்துக்குக் கெளம்புங்க. ரூபிணியக் கூட்டிக்கங்க, கைத்தாங்கலாப் புடிச்சுக்குவா."

பஸ்ஸில் மாமா வாய் மூடவில்லை. டிரைவருக்குச் சொன்னார், கண்டக்டருக்குச் சொன்னார், மடியில் கோழி வைத்திருந்த அம்மாளுக்கும் கோழிக்கும் சொன்னார். "எல்லாருமே கேப்பாங்கங்க, நோவு போகுமா, போகுமான்னு. நான் அப்பிடியில்லீங்க. பளிச்சுனு ஒரு வார்த்த, அப்பறம்ன்னேன். கொடிக்கே வேர்த்துப் போச்சுங்க." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கோழியின் கண்ணைச் சந்திக்காமல் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், மாமா தோட்டக் கதையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விதையவா? ஐயா, ஒரு காய் மாதிரி அடுத்த காய் இருக்காது. ஒரு விதைல எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரைல அத அளந்து வெச்சிருக்காங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நல்லாயிடும்."

நல்லாயிடும் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா சீட்டைப் பிடுங்காத குறையாக எழுந்தார். பழக்கம் விடுமா? டாக்டரம்மா குனிந்து அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். மாமாவுக்குப் பின்னால் நின்றிருந்த நான், உதட்டை அசைக்காமல், கரகரப்பாகக் கேட்டேன்.

"அப்பறமுங்?"

"அப்பறம், வலி தாங்கலைன்னு ஒண்ணுகூட அதிகமாப் போடக்கூடாது" என்றார் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே. மாமா மெல்ல உட்கார்ந்தார். தன் கேள்வியை மெச்சி, லேசாகத் தலையைக்கூட ஆட்டிக்கொண்டார்.

"அப்பறமுங்?"

"வயித்தால போனா உடனே நிறுத்திட்டு நேரா இங்க வரணும். வேற எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடறத சொல்லணும், சில மருந்து இதோட சேரவே கூடாது. முதல் மாத்திரைய இங்கயே போட்டுக்கங்க."

நர்ஸ் டம்ளரை நீட்டினார். மாமா மாத்திரையை நாக்கில் வைத்தார், அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டார், கன்னம் இரண்டும் உப்ப, வாயை இறுக மூடியபடியே, வேலை முடிந்ததென்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். டாக்டரம்மா இன்னும் நிமிரவில்லை. ஈரலைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லையே என்று எனக்கு ஒரே பரபரப்பு, தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"அப்பறமுங்?"

"அப்பறம், ஆட்டு ஈரல் பக்கமே போகக் கூடாது."

மாமா நின்றார். உப்பிய கன்னத்தோடு டாக்டரம்மாவைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். கொடி ஏதும் ஏறியிருக்கிறதா என்று ஜன்னல் கம்பியைப் பார்த்தார், ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலைத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டார், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார், மூடித்தான் இருந்தது. தொண்டை அசைந்தது, மாத்திரை களக்கென்று இறங்கியது. பிறகு உடம்பைத் திருப்பாமல், கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பி, மாமா என் வாயைப் பார்த்தார்.